மிஸ்ஸி திருந்திய பிறகு மாஸ்டரைப் பழையபடி கூட்டிவந்தது சரியா?

நீலப்பெட்டி

'டாக்டர் ஹூ' என்கிற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரை இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் இத்தோடு நின்றுகொள்ளுங்கள். முடிவுகளையெல்லாம் போட்டு உடைக்கப் போகிறேன்.

டாக்டரும் அவருடைய எதிரி மாஸ்டரும் டைம் லார்டு என்கிற வேற்றுக்கிரக இனம், சாகும் நேரத்தில் வேறு உடம்பும் முகமும் எடுத்து (மறுஉருவம்) பிழைப்பவர்கள். அந்த மாஸ்டர் என்கிற வில்லனுக்கு உருப்படியான ஒரு முடிவு கிடைத்தது 2017-இல்தான். பீட்டர் கபால்டி டாக்டராகவும், பெண் உருவம் எடுத்த மாஸ்டரான மிஸ்ஸியாக மிஷெல் கோமெஸும் நடித்த சீசன். மரண தண்டனை மேடையிலிருந்து மிஸ்ஸியைக் காப்பாற்றிய டாக்டர், பிரிஸ்டலில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அடியில் பெட்டகத்தில் அவளைப் பூட்டிவைத்து, ஆயிரம் வருடம் காவல் இருப்பதாக வாக்குக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். இவள் நிஜமாகவே திருந்துகிறாளா, இல்லை நடிக்கிறாளா? சீசன் முழுக்க இந்தக் கேள்வி ஓடுகிறது. கடைசி எபிசோடில் அவளுடைய முந்தைய உருவமான ஜான் சிம் வந்து நிற்கிறான். அவனைக் கத்தியால் குத்திவிட்டு, டாக்டரோடு சேர்ந்து நின்று போராடக் கிளம்புகிறாள். அவன் அவள் முதுகில் சுடுகிறான், இனி மறுஉருவம் எடுக்கவே முடியாதபடி. தன் கதையைத் தானே முடித்துக்கொண்டதை நினைத்து இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அவள் மனம் மாறியது டாக்டருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் 2020 ஜனவரி 1, 'ஸ்பைஃபால்'. இப்போது டாக்டரும் பெண் உருவம், ஜோடி விட்டேக்கர். உளவுத்துறையிலிருந்து வெளியேறிய அப்பாவி மாதிரி வந்த சாஷா தவான், விமானத்துக்குள் சிரித்துக்கொண்டே தான்தான் மாஸ்டர் என்கிறான். எப்படிப் பிழைத்தான்? மிஸ்ஸி என்ன ஆனாள்? ஒரு வரி கிடையாது. கொலையும் கும்மாளமும் பழையபடி. அப்படியென்றால் 2017-இல் நாம் பார்த்தது எதற்கு?

தாடி_1971

எப்படிப் பிழைத்தான் என்று மாஸ்டரைப் பார்த்தா கேட்கிறீர்கள்?

1984-இல் 'பிளானட் ஆஃப் ஃபயர்' கதையில் ஆண்டனி எயின்லி நடித்த மாஸ்டர் தீக்குள் கதறிக்கொண்டே மறைந்தான். டாக்டர் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடமே 'மார்க் ஆஃப் தி ராணி'யில் வயலில் சோளக்கொல்லைப் பொம்மை வேஷத்தில் நிற்கிறான். விளக்கம்? தனக்கு அழிவே இல்லை, அது பிரபஞ்சத்துக்கே தெரியும் என்று ஒரு அலட்டல், அவ்வளவுதான். 1982 'டைம்-ஃப்ளைட்' இன்னும் கூத்து. கீழைநாட்டு மந்திரவாதி வேஷம் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஆளே இல்லாதபோதும் அதே வேஷத்தில் மந்திரம் ஓதிக்கொண்டிருப்பான். யாரை ஏமாற்ற? வீட்டில் டிவி பார்க்கிற நம்மைத்தான். ரகசியம் உடையக் கூடாது என்று நடிகரின் பெயரைக்கூட எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் பொய்ப் பெயராக வெளியிட்டார்கள்.

மிஸ்ஸியும் விதிவிலக்கில்லை. 2014 சீசன் முடிவில் நீலமாகப் பொசுங்கிப் போனாள், 2015-இல் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். அப்போது நீங்கள் கோபப்பட்டீர்களா?

நீலப்பெட்டி

படவில்லை. ஏனென்றால் 2014-இல் செத்தது மாஸ்டரின் உடம்பு மட்டும். 1984-இலும் அப்படித்தான். தீக்குள் போனவன் போனபடியே திரும்பி வந்தான், கதையில் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. 2017-இல் மாறியது அவளுடைய புத்தி. செத்தவர் பிழைத்து வரட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. மாறியவள் மாறாதவனாக வந்து நிற்கும்போது நடுவில் என்ன நடந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

வரலாறு பேசுகிறீர்கள், சரி. முதல் மாஸ்டர் ரோஜர் டெல்காடோவுக்கும் ஜான் பெர்ட்வீயின் டாக்டருக்கும் இறுதி மோதலாக ஒரு கதை யோசித்து வைத்திருந்தார்கள். 1973-இல் டெல்காடோ துருக்கியில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தக் கதை எடுக்கப்படவே இல்லை. நட்பாக இருந்து பகையான இரண்டு பேரின் கணக்கு நாற்பது வருடத்துக்கு மேல் பாக்கி கிடந்தது. 2017 வரை தொடரை நடத்திய மொஃபாட் அதைத் தீர்த்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற சிப்னல் வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்.

கடைசிபெஞ்ச்

தவான் மிஸ்ஸிக்கு முந்தையவன் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. சிம், தவான், மிஸ்ஸி. யாரும் எதையும் கிழிக்கவில்லை. போய் வேலையைப் பாருங்கள்.

நீலப்பெட்டி

சிம் மிஸ்ஸியாக மாறத்தான் தன் காலப்பயண வண்டியான டார்டிஸுக்குத் தள்ளாடிக்கொண்டே போகிறான். அந்தக் காட்சிக்கு வேறு பொருள் சொல்ல ரொம்ப வளைக்க வேண்டும். தொடரோ இவன் முன்னவனா பின்னவனா என்று எங்கேயும் சொல்லவில்லை. ஒலி நாடகத்தில் மிஸ்ஸிக்குப் பிறகு நல்லவளாக ஒரு உருவம் வந்ததாக ஒரு கதை உண்டு. டிவி மட்டும் பார்க்கிறவருக்கு அதனால் என்ன பயன்? நம் சமாதானத்தை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதாக இருக்கிறது.

மழைக்கால_மீரா

நீங்கள் இரண்டு பேரும் மாஸ்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கதையில் உறுத்தியது டாக்டர்.

'ஸ்பைஃபால்' இரண்டாம் பகுதி, 1943, நாஜிகள் பிடியில் பாரிஸ். மாஸ்டர் தன் தோல் நிறம் அவர்கள் கண்ணில் படாதபடி ஒரு கருவியால் மறைத்துக்கொண்டு ராணுவ அதிகாரியாகத் திரிகிறான். டாக்டர் அந்த மறைப்பை எடுத்துவிட்டு, இனி இவர்கள் உன்னை உள்ளபடியே பார்ப்பார்கள் என்று சொல்லி, அவனை நாஜிகளிடம் விட்டுவிட்டுப் போகிறார். மாஸ்டர் வேடத்தில் முதல் தடவையாக இந்திய வம்சாவளி நடிகர் ஒருவர். அவருக்குக் கிடைத்த தண்டனைக் காட்சி இது. அதே எபிசோடில் நாஜிகளால் கொல்லப்பட்ட இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் உளவாளி நூர் இனாயத் கானையும் ஒரு பாத்திரமாக வைத்திருக்கிறார்கள். எழுதும்போது ஒருத்தருக்குமா தோன்றவில்லை?

வில்லன் கெட்டவனாகத் திரும்பி வந்ததை மன்னித்துவிடலாம். நாயகி இப்படி ஒரு காரியம் செய்துவிட்டு, அடுத்த காட்சியில் எதுவும் நடக்காத மாதிரி இருக்கிறார்.

தாடி_1971

அந்தக் காட்சி எனக்கும் பிடிக்காது. ஆனால் உலகத்தையே அழிக்க வந்தவன் அவன், மீரா. அவனே நாஜி சீருடையை மாட்டிக்கொண்டவன். போட்ட வேஷமே அவனுக்குப் பொறியானது என்பதுதான் காட்சியின் நோக்கம்.

மழைக்கால_மீரா

நோக்கம் புரியாமல் சொல்லவில்லை. அவன் தந்திரத்தை உடைக்க வேறு நூறு வழி இருந்தது. அவன் நட்பு நாடுகளுக்கு உளவு சொல்கிறான் என்று காட்டும் ஒரு பொய்ச் செய்தியையும் டாக்டர் ஏற்கெனவே அனுப்பி வைத்திருக்கிறார். நாஜிகள் அவனைப் பிடிக்க அதுவே போதும். அதற்கு மேல் தோலைக் காட்டிக்கொடுத்தது எதற்கு? ஒரு கொலைகாரியை ஆயிரம் வருடம் காவல் காத்துத் திருத்தப் பார்த்த அதே டாக்டர் இவர். மாஸ்டர் பின்னோக்கிப் போய்விட்டான் என்கிறார் நீலப்பெட்டி. எனக்கு டாக்டரும் பின்னோக்கிப் போனதாகத்தான் தெரிகிறது.

தாடி_1971

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தவானுக்குக் காரணமே இல்லை என்கிறீர்கள். இருக்கிறது. அந்த சீசனின் கடைசி எபிசோடைக் கவனித்துப் பாருங்கள்.

டைம் லார்டுகளின் கிரகமான காலிஃப்ரேயை அவன் சாம்பலாக்கியதற்குக் காரணம் அங்கே வருகிறது. டைம் லார்டுகளின் மறுஉருவ சக்தியே டாக்டரிடமிருந்து, சிறு குழந்தையாக இருந்தபோது, எடுத்ததுதான் என்று அவன் கண்டுபிடிக்கிறான். அதாவது அவன் ஒவ்வொரு தடவை செத்துப் பிழைத்ததும் டாக்டர் போட்ட பிச்சை. தனக்கு நிகர் என்று நினைத்துச் சின்ன வயதிலிருந்து எவரோடு போட்டி போட்டானோ, அவருடைய ஒரு துணுக்கு தன் உடம்புக்குள் ஓடுகிறது. இந்த அவமானத்தை மிஸ்ஸிக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். பெட்டகத்துக்குள் உட்கார்ந்து, அழுது, பியானோ வாசித்து, டாக்டருக்குச் சமமாக நிற்கலாம் என்று நம்ப ஆரம்பித்தவள் அவள். அந்த நம்பிக்கைக்கு அப்புறம் இந்த உண்மை தெரிந்தால் முன்பைவிடப் பயங்கரமாகத்தான் வெடிக்கும். திருந்தியவன் ஒருநாள் சறுக்கி விழுந்தால், திருந்தியதே பொய் என்றாகிவிடாது.

2022 அக்டோபரில் வந்த 'தி பவர் ஆஃப் தி டாக்டர்' இன்னும் தெளிவு. அதில் அவன் டாக்டரைக் கொல்லப் பார்க்கவில்லை. கட்டாய மறுஉருவம் கொடுத்து டாக்டராகவே மாறிவிடுகிறான். பழைய டாக்டர்களின் உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு திரிகிறான். அது கலையப் போகும் நேரத்தில், திரும்பவும் நானாக ஆகிவிட விடாதே என்று கெஞ்சுகிறான். தன்னைத் தானே சகிக்க முடியாத ஒரு ஜீவன். மிஸ்ஸியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. நீங்கள் கேட்ட பாலம் இதுதான்.

போனி எம் பாட்டுக்கு ஆடுகிற இடத்தைச் சிலர் திட்டுகிறார்கள். நான் மூன்று தடவை பார்த்தேன், வெட்கமே இல்லை.

நீலப்பெட்டி

அழகாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியது என்பதுதான் என் புகார். பெட்டகம், அழுகை, நம்பிக்கை இதில் ஒன்றையாவது தவான் வாயிலிருந்து கேட்டீர்களா? 'ஸ்பைஃபால்'இல் ஈஃபில் கோபுரத்தின் மேல் இரண்டு பேரும் தனியாக நின்று பேசுகிறார்கள். யாரும் குறுக்கே வராத காட்சி. கடைசியாகப் பார்த்தபோது நீ என் பக்கம் நிற்கவில்லையே என்று டாக்டர் கேட்க அதைவிட நல்ல இடம் அமையுமா? அவன் முகம் ஒரு நொடி மாறியிருந்தால் போதும், நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தவான் நல்ல நடிகர், அதைச் செய்திருப்பார். எழுதித் தரவில்லை.

கடைசிபெஞ்ச்

புதிதாகப் பார்க்க வருகிறவர் மூன்று வருடத்துக்கு முந்தைய கதையைத் தேடிப் பிடிக்க வேண்டுமா? பண்டிகை நாள் எபிசோட் அது. சிப்னலுக்கு முதல் சீசனில் பழைய வில்லன்களே வேண்டாம் என்று இருந்தபோதும் திட்டினீர்கள். கூட்டிவந்தாலும் திட்டுகிறீர்கள்.

காலிஃப்ரே_கபே

மாஸ்டருக்காவது இரண்டு எபிசோட், சீசன் முடிவு, அப்புறம் ஒரு சிறப்பு எபிசோட் எல்லாம் கிடைத்தது. இன்னொரு பழைய வில்லியான ராணியை நினைத்துப் பாருங்கள்.

கேட் ஓ'மாரா 1985-இலும் 1987-இலும் நடித்துவிட்டுப் போன பாத்திரம். புதிதாக யார் மர்மப் பெண்ணாக வந்தாலும் 'ராணிதான்' என்று ரசிகர்கள் சொல்லிச் சொல்லி அது ஒரு நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. 2025 மே மாதம் நிஜமாகவே வந்தாள். அனிதா டாப்சன் நடித்த பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டாகப் பிரிந்து, ஆர்ச்சி பஞ்சாபி ராணியாக எழுந்து நிற்கிறார். நான் சோபாவிலிருந்து குதித்தேன். அடுத்த இரண்டு எபிசோடுகளில் கதை முடிந்தது. பழைய வில்லனான ஒமேகா அவளை வாயில் போட்டு விழுங்கிவிட்டது. 38 வருடம் காத்திருந்ததற்கு இவ்வளவுதான் மரியாதை.

அதற்கு முந்தைய வருடம் சூட்டெக் என்கிற பழைய வில்லன். 1975-இல் குரல் கொடுத்த கேப்ரியல் உல்ஃப்பே மறுபடி குரல் கொடுத்தார், கேட்டதும் சிலிர்த்தது. முகமூடிக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்து பேசியே நடுங்கவைத்தவனைக் கணினியில் செய்த பெரிய நாயாக்கி, கழுத்தில் கயிறு போட்டு இழுத்துப் போனார்கள்.

தாடி சொல்வது போல் விளக்கம் தேவையில்லை. நீலப்பெட்டி சொல்வது போல் பழைய கணக்கும் எனக்கு முக்கியமில்லை. வந்தவருக்குக் கதையில் ஒரு வேலை இருக்க வேண்டும். ராணி விஞ்ஞானி. நல்லது கெட்டது பார்க்காமல் உயிர்களைச் சோதனைப் பொருளாக நடத்துகிறவள். அந்தக் குணத்தை வைத்து ஒரு முழுக் கதை பண்ணலாம். பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியதோடு சரி. தவானுக்கு ஒரு வேலை இருந்தது, அதனால் நான் தாடி பக்கம்.

நீலப்பெட்டி

ராணிக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் அவள் விட்டுப்போன இடத்தில் எதுவும் உடையவில்லை, வீணானது வாய்ப்பு மட்டும். மிஸ்ஸி விஷயத்தில் ஏற்கெனவே கட்டி முடித்ததை இடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

தாடி_1971

இடிக்கவில்லை. 2017 எபிசோட் இன்னும் அப்படியே இருக்கிறது, போட்டுப் பாருங்கள், இப்போதும் தொண்டை அடைக்கும்.

அடுத்தது எப்படியும் வரும். 2023 டிசம்பரில் 'தி கிகில்' முடிவில் டாய்மேக்கர் என்கிற வில்லனின் தங்கப் பல் தரையில் கிடக்கிறது. மாஸ்டரை ஆட்டத்தில் தோற்கடித்து அதற்குள்தான் அடைத்து வைத்திருப்பதாக அவன் சொன்னான். சிவப்பு நகப்பூச்சு போட்ட ஒரு கை அதை எடுத்துப் போகிறது. 2007-இல் மாஸ்டரின் மோதிரத்தை எடுத்துப் போனதும் இதே மாதிரி ஒரு கை. அன்றைக்கும் ராணியின் கை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

மழைக்கால_மீரா

பல்லுக்குள் இருப்பது தவானே என்றால் எனக்குச் சம்மதம். பாரிஸில் நடந்ததை அவன் டாக்டரிடம் கேட்க வேண்டும். அவனுக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்காது, அங்கிருந்து 77 வருடம் ஒவ்வொரு நாளாக வாழ்ந்துதானே நிகழ்காலத்துக்கு வந்து சேர்ந்தான்.

கடைசிபெஞ்ச்

யார் வேண்டுமானாலும் வரட்டும், முன்கூட்டியே சொல்லித் தொலைக்காமல் இருந்தால் சரி. 2017-இல் ஜான் சிம் அவ்வளவு கஷ்டப்பட்டு மேக்கப் போட்டு, குரலை மாற்றி, கிழவனாக ஒரு எபிசோட் முழுக்க நடித்தார். ஆனால் அவர் திரும்பி வருகிறார் என்று சீசன் தொடங்கும் முன்பே அறிவித்து, டிரெய்லரிலும் முகத்தைக் காட்டிவிட்டார்கள். அவர் முகமூடியைக் கழற்றும்போது என் தம்பி கொட்டாவி விட்டான். 'ஸ்பைஃபால்'இல் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை, அதற்காகவே சிப்னலுக்கு ஐந்து மதிப்பெண் கூட.