60 நாளா, ஆறு வருஷமா? வேலை போன பையனுக்குத் தப்பாக வழி காட்டாதீர்கள்

ஆறாம் லயம்:
ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "வேலையை விட்டு நிறுத்தினால் பதற வேண்டாம், வழக்குப் போட ஆறு வருஷம் இருக்கிறது" என்று சொன்னார். கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்தான் என்று ஒரு பையனை நிறுத்தி ஒன்றரை மாதம் ஆகிறது. அவன் அந்தப் பேச்சை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். போன வேலையைத் திரும்பக் கேட்க 60 நாள்தான். 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டம், 20-ஆவது பிரிவு. 61-ஆவது நாள் போய் அழுதாலும் மனுவை எடுக்க மாட்டார்கள்.

பழைய மண்டோர்:
மைக்கைப் பிடித்தவன் நான்தான். பெயரைச் சொல்ல என்ன பயம்? தோட்டம் எனக்கு வைத்த சம்பளப் பாக்கியை லேபர் ஆபீசில் மனுப் போட்டு வாங்கியவன் நான். அதுவும் வருஷக் கணக்கில் கழித்து. அன்றைக்கு யாரும் 60 நாள் என்று என்னைத் திருப்பி அனுப்பவில்லை. ஆறு வருஷம்தான்.

ஆறாம் லயம்:
60 நாள்.

பழைய மண்டோர்:
ஆறு வருஷம். நீ பிறப்பதற்கு முன்னாலேயே நான் அந்த ஆபீஸ் படி ஏறியவன் தம்பி.

ஈப்போ தங்கச்சி:
நான் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, எழுத்து வேலை. ஐயா போனது தொழிலாளர் இலாகா. சம்பளப் பாக்கி ஒப்பந்தப்படி வர வேண்டிய காசு. அதற்கு 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தில் ஆறு வருஷம். அந்தத் தம்பி கேட்பது போன வேலையை, அதற்குப் போக வேண்டியது தொழிலுறவு இலாகா. அங்கே 60 நாள். மனுப் போடக் காசு கட்ட வேண்டாம். முதலில் முதலாளியையும் தொழிலாளியையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார்கள், அந்தப் பேச்சில் வக்கீலுக்கு இடம் இல்லை. முடியவில்லை என்றால் தொழில் நீதிமன்றம். முன்பு அமைச்சர் முடிவு செய்யும்வரை காத்துக் கிடக்க வேண்டும். 2021-லிருந்து அது இல்லை, இலாகாவே நேராக அனுப்பிவிடும்.

பழைய மண்டோர்:
பார்த்தீர்களா, படித்த பெண்ணே சொல்லிவிட்டது, ஆறு வருஷம் உண்டு என்று.

ஆறாம் லயம்:
60 நாள் என்றும் சொன்னார்களே, அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் படவில்லையா? சங்கத்தில் சேர்வது அரசியலமைப்பின் 10-ஆவது விதி கொடுத்த உரிமை. சங்கத்தில் சேர்ந்தான், மற்றவனைச் சேரச் சொன்னான் என்று ஒருவனை நீக்கக் கூடாது என்று அதே தொழிலுறவுச் சட்டம் 5-ஆவது பிரிவில் இருக்கிறது. இத்தனை பலம் கையில் இருந்தும் அந்தப் பையன் நாளைத் தவற விட்டால் பழி யாருக்கு?

கம்பத்துக்காரன்:
60 வேலை நாளா, காலண்டர் நாளா? ஞாயிறு, தீபாவளி எல்லாம் சேருமா?

ஆறாம் லயம்:
எல்லாம் சேரும். நோட்டீஸ் கொடுத்து நிறுத்தியிருந்தால் நோட்டீஸ் முடிந்த நாளிலிருந்து 60. உடனே போ என்று சொல்லியிருந்தால் அன்றிலிருந்து 60.

கம்பத்துக்காரன்:
என் மச்சான் 30 நாள் என்றான்.

ஆறாம் லயம்:
உங்கள் மச்சானை யார் கேட்டது? 60.

பழைய மண்டோர்:
சட்டம் பேசுகிற தம்பியிடம் ஒரு கேள்வி. தோட்டத்தை விற்றபோது லயத்து வீடுகளில் இருந்த சனத்துக்காக மானேஜர் முன்னால் நின்று பேசியது யார்? நீயா, உன் அப்பாவா?

ஆறாம் லயம்:
சரி, அந்தக் கதையைப் பேசுவோம். மலாயில் அடித்த தாளை நீட்டி, "வந்ததை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்துப் போட வைத்தது யார்? என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டினார். வேலை போனவருக்கு இழப்பீடு கொடுக்கும் 1980-ஆம் ஆண்டு விதிப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். அவர் கைக்கு வந்தது வருஷத்துக்கு 15 நாள் கணக்கு. அந்த ஐந்து நாள் யாருடைய வாயில் போனது?

பழைய மண்டோர்:
நான் நிற்கவில்லை என்றால் ஒரு வெள்ளிகூட வந்திருக்காது. நன்றி கெட்ட பேச்சு.

ஈப்போ தங்கச்சி:
அண்ணே, ஐயா, பழசை அப்புறம் பேசலாம். தம்பிக்கு நிறுத்தல் கடிதம் எந்தத் தேதி? அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, அந்தக் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே இலாகாவுக்குப் போகச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்கலாம். நிரந்தரத் தொழிலாளியாக இருந்து வழக்கில் ஜெயித்தால் வேலை இல்லாமல் இருந்த காலத்துக்கு 24 மாதம்வரை பின்சம்பளம் கிடைக்க வழி உண்டு.

கம்பத்துக்காரன்:
24 மாதமா? என் மச்சானுக்கும் கிடைக்குமா? அவன் வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது.

பழைய மண்டோர்:
கிடைக்கும். ஆறு வருஷம் இருக்கிறதே.

ஆறாம் லயம்:
கிடைக்காது! அவராக விட்டாரா, நிறுத்தினார்களா என்பது ஒரு பக்கம். 60 நாள் எப்போதோ போய்விட்டது. இப்படித்தான் ஐயா நம் சனம் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறது. உங்கள் பேச்சைக் கேட்டு.

பழைய மண்டோர்:
அடுத்த கூட்டத்திலும் ஆறு வருஷம் என்றுதான் சொல்வேன். முடிந்தால் தடுத்துப் பார்.

ஆறாம் லயம்:
சொல்லுங்கள். பக்கத்தில் நின்று நான் 60 நாள் என்று சொல்கிறேன். அப்படியே அந்த 15 நாள் கணக்குத் தாளையும் எடுத்து வாருங்கள்.

பழைய மண்டோர்:
முதலில் போன வருஷத் திருவிழாக் கணக்கை உன் அண்ணன் காட்டட்டும்.