வங்கி இணைப்பைத் துண்டித்துத் திரும்ப இணைப்பதற்கு முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

நாளேடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் வரவு செலவு மென்பொருளில் இரண்டு வங்கிக் கணக்குகளை இணைத்திருக்கிறேன். சேமிப்புக் கணக்கின் எதிரே 'புதுப்பிக்கப்பட்டது' என்ற பச்சைக் குறி தினமும் தோன்றுகிறது. ஆயினும் சென்ற மாத இறுதிக்குப் பின் நடந்த ஒரு பரிவர்த்தனைகூட வந்து சேரவில்லை. மற்றொரு வங்கியின் கடன் அட்டைக் கணக்கோ நேரடி ஓஎஃப்எக்ஸ் இணைப்பு (வங்கியும் கணக்கு மென்பொருளும் பரிவர்த்தனைத் தரவைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை, கோப்பு வடிவம்). அதில் 15500 என்ற பிழை எண் வருகிறது. அதே கடவுச்சொல்லை வங்கியின் இணையதளத்தில் இட்டால் சிக்கலின்றி உள்ளே போக முடிகிறது. உதவி மையத்தில் கேட்டால், இரண்டையும் துண்டித்துவிட்டுத் திரும்ப இணைக்கும்படி ஒரே வரியில் சொல்கிறார்கள். பல ஆண்டுகளாக வகைபிரித்து வைத்த பதிவுகள் இருப்பதால் தயங்குகிறேன். அப்படிச் செய்தால் பழைய பதிவுகள் அழியுமா, இரட்டிக்குமா?

ஐந்தொகை:

தயங்கியதே நல்லது. துண்டிப்பது கடைசி வழி. அதற்கு முன் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எதைத் தொடுவதற்கும் முன்பாகக் கணக்குக் கோப்பை ஒரு பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சேமிப்புக் கணக்கு பெரும்பாலும் ஓர் இடைநிலைச் சேவை வழியாக வருவதாக இருக்கும். மென்பொருள் அந்தச் சேவையைக் கேட்கிறது, அந்தச் சேவை வங்கியைக் கேட்கிறது. பச்சைக் குறி பல நேரங்களில் முதல் பாதி நடந்தது என்பதை மட்டுமே சொல்லும். வங்கியிடமிருந்து புதிதாக எதுவும் வராதபோதும், சேவை தன்னிடம் ஏற்கெனவே இருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், மென்பொருள் அதையும் வெற்றியாகவே எண்ணிக்கொள்ளும். எனவே கணக்கின் விவரப் பக்கத்தில் 'வங்கியிலிருந்து கடைசியாகப் பெற்ற நேரம்' என்பது போல ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அது சென்ற மாத இறுதியிலேயே நின்றிருந்தால் கோளாறு உங்கள் கணினியில் இல்லை.

அடுத்து, வங்கியின் இணையதளத்திலேயே நுழைந்து, வெளிச் செயலிகளுக்கு நீங்கள் தந்த அனுமதிகளின் பட்டியலைப் பாருங்கள். இந்த ஒப்புதல்களுக்குக் காலக்கெடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 90 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் அடையாளம் உறுதிசெய்ய வேண்டும் என்றிருந்ததை 2023 முதல் 180 நாட்களாக நீட்டித்தார்கள். மற்ற இடங்களிலும் ஏதோவொரு கெடு இருக்கும். கெடு முடிந்திருந்தால் 'மறு அனுமதி' பொத்தானே போதும். கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் தளத்துக்குள் நுழையும் பழைய வகைச் சேவையாக இருந்தால், வங்கி இடையில் புதிய விதிமுறைகளை ஏற்கச் சொல்லும் பக்கம் ஒன்றை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு அது ஒரு சொடுக்கு; அந்த நிரலோ அங்கேயே நின்றுவிடும்.

இரட்டிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஓஎஃப்எக்ஸ் கோப்பு ஒன்றை உரைத்திருத்தியில் திறந்தால், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தேதி, தொகை ஆகியவற்றோடு ஃபிட்ஐடி என்று ஓர் அடையாள எண் இருப்பதைக் காணலாம். 'இதை முன்பே வாங்கிவிட்டோம்' என்று பல மென்பொருள்கள் தெரிந்துகொள்வது முதன்மையாக அதை வைத்துத்தான். துண்டித்து இணைக்கும்போது தரவு வேறு வழியில் வந்தால், அல்லது வங்கி தன் அமைப்பை மாற்றியிருந்தால், அதே செலவு வேறு எண்ணோடு வரும். தேதியும் தொகையும் ஒன்றாக இருந்தாலும் மென்பொருள் அதைப் புதிய பரிவர்த்தனையாகவே சேர்த்துவிடக்கூடும். ஆகவே துண்டிக்க நேர்ந்தால், மீண்டும் இணைக்கும் திரையில் 'புதிய கணக்கு' என்று தானாகவே தேர்வாகியிருப்பதை மாற்றி, இருக்கும் கணக்கோடு பொருத்துங்கள். தொடக்கத் தேதி கேட்டால், கடைசியாக வந்த பரிவர்த்தனைக்கு மறுநாளைக் கொடுங்கள்.

பற்றுவரவு:

கடன் அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓஎஃப்எக்ஸ் நெறிமுறையில் 15500 என்றால் நுழைவை வங்கியின் சேவையகம் ஏற்கவில்லை என்று பொருள். 15000 வந்தால் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும். 15502 வந்தால் நுழைவு பூட்டப்பட்டுவிட்டது. ஆகவே 15500 வரும்போது திரும்பத் திரும்ப முயலாதீர்கள், அது உங்களை 15502-க்குத்தான் கொண்டுபோய் விடும்.

இணையதளத்தில் செல்லும் கடவுச்சொல் இங்கே செல்லாததற்குக் காரணம் உண்டு. சில வங்கிகள் மென்பொருள் வழி நுழைவுக்கென்று தனிப் பயனர் எண்ணும் தனிக் கடவுச்சொல்லும் தருகின்றன. வேறு சில, தளத்தின் பாதுகாப்பு அமைப்பில் அந்த வசதியை நாமே இயக்கி வைக்க வேண்டும் என்கின்றன. இருபடிச் சரிபார்ப்பைப் புதிதாகக் கொண்டுவரும் சமயத்தில் அது அணைந்துவிடுவதும் உண்டு. நேரடி இணைப்பையே கைவிட்ட வங்கிகளும் இருக்கின்றன. அப்படியானால் எத்தனை முறை துண்டித்து இணைத்தாலும் பயனில்லை. வங்கியிடம் கேட்கும்போது 'செயலி வேலை செய்யவில்லை' என்று சொன்னால் கைபேசிச் செயலி என்று நினைத்துக்கொள்வார்கள். 'ஓஎஃப்எக்ஸ் நேரடி இணைப்பு என் கணக்குக்கு இயங்குகிறதா' என்றே கேளுங்கள்.

கைக்கணக்கு:

இணைப்பு சரியாகும் வரை கணக்கு நின்றுபோக வேண்டியதில்லை. வங்கித் தளத்திலிருந்து கோப்பாக இறக்கி உள்ளே ஏற்றலாம். ஓஎஃப்எக்ஸ், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) இரண்டும் கிடைத்தால் முன்னதை எடுங்கள்; சிஎஸ்வியில் மேலே சொன்ன அடையாள எண் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஐந்தொகை அவர்கள் சொன்ன மறுநாள் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. கடன் அட்டையில் வாங்கிய நாளும் பதிவான நாளும் வேறாக இருக்கும். சில நாட்கள் முன்னிருந்தே எடுத்து, இரட்டித்தவற்றைப் பொருத்துத் திரையில் நீக்குவது, விடுபட்டதைத் தேடுவதைவிட எளிது.

ஐந்தொகை:

அட்டைக் கணக்கைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதே சரி. சேமிப்புக் கணக்கிலும் நிலுவையில் உள்ளவை இருந்தால் அப்படியே செய்யலாம்.

நாளேடு:

சேமிப்புக் கணக்கின் ஒப்புதல் காலாவதியாகியிருந்தது. மறு அனுமதி கொடுத்ததும் விடுபட்டவை அனைத்தும் வந்துவிட்டன. நான் இடையில் கையால் எழுதியிருந்தவை மட்டும் இரட்டித்தன, அவற்றைப் பொருத்திவிட்டேன். இறுதி இருப்பு வங்கி காட்டுவதோடு ஒத்துப்போகிறது. அட்டைக்கு வங்கியிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை கோப்பு வழியே ஏற்றிக்கொள்கிறேன்.