புதுப்பிப்பு: கோவையிலிருந்து சிங்கப்பூர் போறவங்களுக்கு

போன பதிவு விசாவோட நின்னுது. அதுக்குக் கீழ கமெண்ட்ல பாதிப்பேர் கேட்டது அரைவல் கார்டு பத்தித்தானுங்க, அதாவது சிங்கப்பூருக்குள்ள நுழைய ஆன்லைன்ல நிரப்பற படிவம். அது விசா இல்லீங்க, தனி. விசா கையில இருந்தாலும் போட்டே ஆகணும். இறங்கறதுக்கு முந்தி, இறங்கற நாளையும் சேர்த்து 3 நாளுக்குள்ளதான் நிரப்பணும். சிங்கப்பூர் குடிவரவுத் துறை தளத்துல பைசா செலவில்லை. காசு கேக்கற தளம்னா உடனே மூடிருங்க.

சார்ஜர்: நம்ம உருண்டை முள்ளு அங்க சேராது, மூணு தட்டை முள்ளு அடாப்டர் வேணும். மின்சாரம் 230 வோல்ட்தான்.

எம்ஆர்டிங்கற அங்கத்த மெட்ரோ ரயில்ல, விசா, மாஸ்டர்கார்டுன்னு போட்ட பேங்க் கார்டை நுழைவாயில் மெஷின்ல தட்டியே போகலாம். வெளிநாட்டுப் பயன்பாட்டை பேங்க் ஆப்புல இங்கயே திறந்துட்டுக் கிளம்புங்க. உள்ள போக கார்டைத் தட்டிட்டு வெளிய வர போனைத் தட்டாதீங்க. ரெண்டும் ஒரே கணக்குன்னாலும் மெஷினுக்கு அது வேற கார்டு, கட்டணம் குளறுபடியாகும். பர்ஸோட தட்டறதும் வேண்டாமுங்க, உள்ள இருக்கற வேற கார்டை மெஷின் எடுத்துக்கலாம்.