போர் தண்ணில துவைச்சா பையனுக்கு அரிப்பு, மைல்டு லிக்விட் போட்டா கறை போகல. என்ன பண்றது?

கொடிக்கயிறு_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஜூன்ல தான் திருச்சில இருந்து சென்னை மடிப்பாக்கம் வந்தோம். பையனுக்கு அஞ்சு வயசு, யூகேஜி. கைக்குழந்தையா இருந்தப்பவே முழங்கை மடிப்புல, முட்டிக்குப் பின்னாடி கரப்பான் மாதிரி வரும், எக்ஸிமான்னு டாக்டர் சொன்னாங்க, ஆனா அங்க காவிரித் தண்ணில இருந்த வரைக்கும் பெருசா தொந்தரவு இல்ல. இங்க வந்து ரெண்டு மாசத்துல காலர் படுற இடம், இடுப்புல எலாஸ்டிக் படுற இடம்னு கோடு போட்ட மாதிரி செவந்து போய் ராத்திரி தூங்காம சொறியுறான், காலைல பெட்ஷீட்ல ரத்தப் பொட்டு பாக்கும்போது எனக்கு அழுகையே வருது.

எங்க அபார்ட்மென்ட்ல போர் தண்ணி, பத்தாத நாளைக்கு லாரி. டாப் லோடு மெஷின். இங்க இருக்கிற ஸ்கின் டாக்டர் வாசனை இல்லாத மைல்டு லிக்விடுக்கு மாறச் சொன்னாங்க, மாறினேன், அரிப்பு கொஞ்சம் கொறைஞ்சது ஆனா துணி சுத்தமா இல்ல. ஸ்கூல் வெள்ளைச் சட்டை பழுப்பா ஆயிடுச்சு, சாம்பார் கறை அப்படியே நிக்குது, அதுல பார் சோப்பு தேய்ச்சா ரத்தம் மாதிரி செவப்பாகுது. சரின்னு பழைய பவுடரையே ரெண்டு ஸ்பூன் கூடப் போட்டேன், மறுநாளே கழுத்தெல்லாம் தடிச்சிடுச்சு. எங்க அத்தை பூந்திக்கொட்டை ஊற வச்சு துவைக்கச் சொன்னாங்க, அதுவும் பண்ணேன், வாசம் கூடப் போகல. துணியும் வெளுக்கணும் பையனும் நிம்மதியா தூங்கணும், இது ரெண்டும் சேர்ந்து நடக்குமா? யாராவது அனுபவத்துல இருந்து சொல்லுங்க.

பள்ளிக்கரணை_வாசி:

சிஸ் நீங்க எழுதினத படிச்சதும் என் கதையே தான். எனக்கு குழந்தை இல்ல, என் கையே தான் பிரச்சனை, விரல் நடுவுல வெடிச்சு ரத்தம் வரும், மூணு வருஷம் பவுடர் மாத்தி லிக்விட், லிக்விட் மாத்தி இன்னொரு லிக்விட்னு காசு கொட்டினேன். கடைசில புரிஞ்சது என்னன்னா எதைப் போட்டுத் துவைக்கிறோம்ங்கிறத விட போட்டது துணில இருந்து முழுசா வெளிய வந்துச்சாங்கிறது தான் முக்கியம்.

இத நீங்களே வீட்ல பாத்துக்கலாம். துவைச்சு காஞ்ச டவல் ஒண்ண எடுத்து, சோப்பே போடாம ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணில போட்டு நல்லா கையால கலக்குங்க. நுரை வந்தாலோ தண்ணி வழவழன்னு கலங்கினாலோ போன தடவை போட்ட பவுடர் இன்னும் துணிலயே உக்காந்திருக்குன்னு அர்த்தம். எனக்கு மூணு பக்கெட் மாத்தின அப்புறம் தான் தண்ணி தெளிஞ்சது!! பையன் வேர்க்கும்போது அதெல்லாம் கரைஞ்சு தோல்ல இறங்கும், காலரும் எலாஸ்டிக்கும் தான் இறுக்கமா உரசுற இடம், அதான் அங்க கோடு கோடா வருது.

நான் பண்றது இது தான். மெஷின முக்கால்வாசிக்கு மேல ரொப்ப மாட்டேன், துணி பொரள எடம் வேணும். எக்ஸ்ட்ரா ரின்ஸ் எப்பவும் ஆன். வாசனைக்கு ஊத்துற சாஃப்ட்னர் சுத்தமா நிறுத்தியாச்சு, ஏன்னா அது வேலை செய்றதே துணி மேல படிஞ்சு நிக்கிறதுனால தான். கிருமி சாகட்டும்னு கடைசித் தண்ணில ஆன்டிசெப்டிக் ஊத்துற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க, அந்தத் தோலுக்கு அது ரொம்பவே எரிச்சல் குடுக்கும்.

இன்னொன்னு, தயவு செஞ்சு ஆர்ஓல இருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணிய துணிக்குப் பிடிச்சு வைக்காதீங்க. தண்ணி வீணாகுதேன்னு நல்ல எண்ணத்துல நானே ரெண்டு வருஷம் அத தான் அலசுறதுக்கு ஊத்தினேன், ஆனா போர் தண்ணில இருக்கிற உப்பு எல்லாம் இன்னும் கெட்டியாகி வர்றது அது தான். வீடு தொடைக்க, பாத்ரூம் கழுவ வச்சுக்கோங்க. மெட்ரோ வாட்டர் வர்ற நாள்ல ரெண்டு பக்கெட் தனியா பிடிச்சு மூடி வச்சு, பையன் துணிக்கு மட்டும் கடைசி அலசல் அதுல போடுங்க, வித்தியாசம் கையிலயே தெரியும், துணி அட்டை மாதிரி இல்லாம மெத்துனு இருக்கும்.

தண்ணி_கமிட்டி:

எங்க அசோசியேஷன்ல தண்ணி பாக்குற பொறுப்பு எனக்கு, அதனால அந்தப் பக்கம் மட்டும் சொல்றேன். டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பாத்து 'உப்பு இவ்ளோ'ன்னு முடிவு பண்ணாதீங்க, அது கரைஞ்சிருக்கிற எல்லாத்தையும் சேர்த்துக் காட்டும். சோப்போட மல்லுக்கு நிக்கிறது கால்சியமும் மெக்னீசியமும், அதுக்கு ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட் தனியா இருக்கு, சொட்டு சொட்டா விட்டு கலர் மாறுறத எண்ணினா போதும். குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500ல ஹார்ட்னஸ் லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும். உங்க பிளாக்ல எவ்ளோன்னு கேட்டு வாங்குங்க.

பார் சோப்பு மேட்டர்: பழைய மாதிரி எண்ணெய்ல காய்ச்சின சோப்பு கால்சியத்தோட சேர்ந்தா கரையாத பிசுக்கா மாறிடும், பக்கெட் ஓரத்துல வெள்ளையா ஒட்டுமே அதே தான், அது துணி இழையிலயும் ஒட்டும். வெள்ளைச் சட்டை மங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். 'இயற்கை சோப்பு தோலுக்கு நல்லது'ன்னு போர் தண்ணில போட்டா நடக்கிறது தலைகீழ், அங்க டிடர்ஜென்ட் தான் சரி.

வீட்டுக்கு தண்ணில இருக்கிற கால்சியம், மெக்னீசியத்த எடுக்கிற வாட்டர் சாஃப்ட்னர் மெஷின் வச்சா எக்ஸிமா போயிடும்னு விக்க வருவாங்க, இங்கயே ரெண்டு குடும்பம் அத நம்பி வாங்கினாங்க. இங்கிலாந்துல எக்ஸிமா இருக்கிற 336 குழந்தைங்கள வச்சு இத சோதிச்சாங்க, 2011ல ரிசல்ட் வந்தது, சாஃப்ட்னர் வச்ச வீட்டுக் குழந்தைங்களுக்கு தனியா எந்தப் பலனும் இல்லன்னு. துணி நல்லா வெளுக்கும், பவுடர் கம்மியாகும், அதுக்காக வாங்குறதுன்னா வாங்குங்க. பையன் தோலுக்காகன்னா அந்தக் காச வச்சுக்கோங்க.

நங்கநல்லூர்_சலவை:

அம்மா, எங்க தாத்தா காலத்துல இருந்து எங்களுக்கு சலவைத் தொழில் தான், கறை பத்தி நான் சொல்றேன். நீங்க பண்ற ஒரே தப்பு ஒரு இடத்துல இருக்கிற கறைக்காக மொத்த பக்கெட்டுக்கும் பவுடர கூட்டுறது. கறைய தனியா எடுத்துட்டு அப்புறம் துணிய மெஷின்ல போடுங்க, அப்ப மைல்டு லிக்விடே தாராளமா போதும்.

சாம்பார் கறை செவப்பானது மஞ்சத்தூளால. மஞ்சள் சோப்புல இருக்கிற காரத்த பாத்தா செவக்கும், ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு போட்டதும் செவக்குது பாருங்க அதே விஷயம். பயப்படாதீங்க, நல்லா அலசினா திரும்ப மஞ்சளாகும். முதல்ல சாம்பார்ல இருக்கிற எண்ணெய எடுக்கணும், பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு விரலால தேய்ச்சு பத்து நிமிஷம் வச்சு அலசுங்க. மிச்சம் நிக்கிற மஞ்சள வெயில் பாத்துக்கும், ஈரத்தோட மொட்டை மாடில கறை மேல பாக்குற மாதிரி போடுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டு நாள்ல வெளுத்துடும். அதுக்கு மேல எந்தக் கெமிக்கலும் வேணாம்.

ரத்தம், பால், முட்டை இதெல்லாம் பச்சைத் தண்ணில தான் முதல்ல ஊற வைக்கணும், சுடுதண்ணி ஊத்தினா வெந்து துணியோட ஒட்டிக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் வராது. பெட்ஷீட்ல ரத்தப் பொட்டுன்னு சொன்னீங்களே, காலைல பாத்த உடனே அந்த இடத்த மட்டும் குழாய்த் தண்ணில பிடிச்சு கசக்கிடுங்க, மெஷின் போடுற நாள் வரைக்கும் வச்சிருக்காதீங்க.

வெள்ளைச் சட்டை பழுப்பு, அது பாதி போர் தண்ணில இருக்கிற இரும்பு. இங்க தான் நெறைய பேரு குளோரின் ப்ளீச்ச ஊத்தி கெடுக்குறாங்க, இரும்புக்கறை ப்ளீச் பட்டா இன்னும் அழுத்தமாயிடும். மளிகைக் கடைல லெமன் சால்ட் கேளுங்க, ஒரு மக்கு வெந்நில ஒரு ஸ்பூன் கரைச்சு சட்டைய அரை மணி நேரம் போட்டு அலசுங்க. அப்புறமும் மங்கலா இருந்தா ஆக்ஸிஜன் ப்ளீச்னு பவுடரா விக்குது, கை பொறுக்கிற சூட்டுக்கு மேல இருக்கிற வெந்நில கரைச்சா தான் அது வேலை செய்யும், காட்டன் வெள்ளைக்கு மட்டும், பட்டுக்கு வேணாம். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, லெமன் சால்ட்டோ வினிகரோ குளோரின் ப்ளீச்சோட ஒரே தண்ணில சேரவே கூடாது, வர்ற புகை நெஞ்ச அடைக்கிற விஷம்.

துணியால அரிப்புன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வருது. எங்க தாத்தா சேராங்கொட்டைப் பால்ல தான் துணில குறி போடுவாரு, சில பேருக்கு அந்தக் குறி பட்ட இடத்துல கொப்புளமே வந்துடும். ரெண்டாம் உலகப்போர் நேரத்துல இங்க வந்த அமெரிக்க சிப்பாய்ங்களுக்குக் கூட வந்து அவங்க டாக்டருங்க அத எழுதி வச்சிருக்காங்க. இப்ப நாங்க மார்க்கர் பேனா, நூல் தான். சலவைக்குப் போடுற ஆளுங்க குறி இருக்கிற இடத்துல மட்டும் அரிச்சா கடைல என்ன வச்சு குறி போடுறீங்கன்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

ஓபி_நர்ஸ்:

ஸ்கின் ஓபில வேலை பாக்குறேன். உங்க டாக்டர் சொன்னத விட்டுட்டு எதுவும் பண்ண வேணாம், கூட ரெண்டு மூணு விஷயம்.

'மைல்டு', 'பேபி'ன்னு லேபிள்ல போட்டிருந்தா அதுல வாசனை இல்லன்னு அர்த்தம் கிடையாது, பின்னாடி திருப்பி பர்ஃப்யூம், ஃபிராக்ரன்ஸ்னு இருக்கான்னு பாருங்க. லிக்விட்ல கெட்டுப் போகாம இருக்க மெத்தில்ஐசோதயசோலினோன் மாதிரி ஒரு பிரிசர்வேடிவ் போடுவாங்க, 2013ல அமெரிக்கத் தோல் அலர்ஜி டாக்டர்கள் சங்கம் அத அந்த வருஷத்தோட அலர்ஜனாவே அறிவிச்சாங்க. பவுடருக்கு அது தேவைப்படாது. அதனால லிக்விட் மாத்தி மாத்தியும் அடங்கலன்னா வாசனை இல்லாத பவுடர கொஞ்சமா போட்டு முழுசா கரைச்சு, நல்லா அலசிப் பாக்கலாம். அப்பவும் தொடர்ந்தா டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் பத்தி கேளுங்க, முதுகுல ஒட்டி 48 மணி நேரம் கழிச்சு எடுத்துப் பாப்பாங்க, எது ஒத்துக்கலன்னு அப்ப ஊகம் இல்லாம தெரியும்.

புதுத்துணி, முக்கியமா யூனிஃபார்ம், போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது துவைச்சிடுங்க. சுருங்காம இருக்கப் போடுற ஃபினிஷ், ஒட்டாம நிக்கிற சாயம் எல்லாம் முதல் துவைப்புல நெறைய போயிடும். கழுத்துப் பின்னாடி இருக்கிற லேபிள தையல் பிரிச்சு எடுத்துடுங்க.

பாரஃபின் கலந்த மாய்ஸ்சரைசர் தடவுறீங்களா? அது பனியன், போர்வைல ஊறி ஊறி எண்ணெய்ப் பிசுக்காகும், அப்படி ஊறின துணில தீ சட்டுனு பிடிச்சிடும், துவைச்சாலும் முழுசா போகாது. விளக்கு பக்கத்துல, தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போது அந்தத் துணி மட்டும் போட்டு விடாதீங்க. இத நான் வர்ற எல்லா அம்மாக்கிட்டயும் சொல்லாம விடறதில்ல.

கொடிக்கயிறு_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பதினெட்டு நாள் கழிச்சு எழுதுறேன். டவல் டெஸ்ட் பண்ணி அதிர்ந்து போயிட்டேன், நாலு பக்கெட் நுரை. பையன் துணி பெட்ஷீட் எல்லாத்தையும் ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க ஒக்காந்து வெறும் தண்ணில அலசி எடுத்தோம், அவரும் கூட நின்னு பிழிஞ்சு குடுத்தாரு. ஆர்ஓ வேஸ்ட் தண்ணி நானும் தான் ஊத்திட்டு இருந்தேன் அக்கா, நிறுத்திட்டேன். இடுப்புல இருந்த செவப்பு நல்லாவே வாடிடுச்சு, கழுத்து இன்னும் கொஞ்சம் இருக்கு, டாக்டர் குடுத்த க்ரீமும் விடாம போடுறேன். சாம்பார் கறை அண்ணா சொன்ன மாதிரியே மொட்டை மாடில ரெண்டாவது நாள் சாயங்காலம் பாத்தா காணோம்!! ஒரே ஒரு சந்தேகம், நவம்பர் மழைல வெயிலே இல்லாதப்ப பெட்ரூம்ல காயப் போட்டா ஒரு ஈர வாடை வருமே, அப்ப என்ன பண்றது?

நங்கநல்லூர்_சலவை:

மழைக்காலத்துல ஒரே நாள்ல எல்லாத்தையும் போடாதீங்கம்மா, பையன் துணிய மட்டும் கம்மியா போட்டு, ரெண்டு தடவை ஸ்பின் விட்டு, ஒண்ணு மேல ஒண்ணு படாம இடைவெளி விட்டு ஃபேனுக்கு நேரா கட்டுங்க. வாடை போகணும்னு வாசனைத் தண்ணி மட்டும் அடிச்சிடாதீங்க. முழுசா காய்றதுக்கு முன்னாடி சட்டைய உள்பக்கம் திருப்பி சூடா இஸ்திரி போட்டு, ஆறினதும் மடிங்க. அப்படியே மெஷின் மூடியையும் துவைச்சு முடிச்சதும் திறந்தே வைங்க, பாதி வாடை அங்க இருந்து தான் வருது.