தெரு வால்வு சிமெண்ட் ரோட்டுக்குள்ள போயிடுச்சு, முகப்புக்கு அடியில லீக்கு… என்ன பண்றது?

வளவுவீட்டுப்பேரன்:
தேவகோட்டை பக்கம் எங்க ஐயா கட்டுன வீடு, இப்ப அப்பத்தா மட்டும்தான் இருக்காங்க. தெருவுலேர்ந்து திண்ணைக்கு அடியில போயி முகப்பு (முன் கூடம்), வளவெல்லாம் (நடு முற்றம்) தாண்டி ரெண்டாங்கட்டு தொட்டி வரைக்கும் பழைய அரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பைப்புதான். இப்ப முகப்புல ஆத்தங்குடி கல்லு ஜாயிண்ட் பூரா வெள்ளையா உப்பு பூத்து நிக்குது, தண்ணி விடுற அன்னைக்கு கல்லுல கால வச்சா ஈரம், மத்த நாள் காஞ்சுடுது. வீட்டுக்குள்ள அடைக்க ஒரு வால்வு கூட இல்ல, தெருவுல இருந்த வால்வு பெட்டியும் சிமெண்ட் ரோடு போட்டப்ப மூடிட்டாங்களாம். பிளம்பர் ரோட்ட கொஞ்சம் கொத்தி நானே அடைச்சுத் தர்றேங்கிறாரு. விடலாமா? தண்ணி விடுற ஆபீஸ்ல கேட்டா உங்க பைப்பு, உங்க செலவுன்னு முடிச்சுட்டாங்க.

பைப்புக்காரர்:
தம்பி, ரோட்டுல கை வைக்க விடாதீங்க. அனுமதி இல்லாம வெட்டுனா அபராதம் உங்க தலையிலதான் வரும், பிளம்பர் போயிடுவாரு. மெயின் லைன்ல உங்க பைப்பு பிடிக்கிற எடத்துல ஃபெருல்னு ஒரு சின்ன இணைப்பு வால்வு இருக்கும், அதை அடைக்கிறது தொறக்குறது எல்லாம் அவங்க ஆளு வேலை. செலவு உங்களுதுன்னு சொன்னது பொதுவா சரிதான், ஆனா ரோடு வெட்ட அனுமதியும் அவங்கதான் குடுக்கணும். வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும், எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க.

தண்ணி விடுற அன்னைக்கு மட்டும் ஈரம்னா லீக்கு சப்ளை லைன்லதான், சாக்கடை பைப்புன்னா தினமும் ஈரமா கெடக்கும்.

கோட்டையூர்க்காரி:
எங்க வீட்லயும் இதே கத. கல்லை மட்டும் பேக்காதீங்க, ஆத்தங்குடி கல்லு கையால போடுறது, இப்ப புதுசு வாங்கி வச்சா பழைய கலருக்கு ஒட்டவே ஒட்டாது. நாங்க பழைய லைனை அப்படியே கைவிட்டுட்டு பக்கத்து சந்து வழியா செவுரு மேலயே புது லைன் இழுத்துட்டோம்.

வளவுவீட்டுப்பேரன்:
ஆச்சி, சந்து எங்களுக்கும் இருக்கு. ஆனா தண்ணிய நிறுத்தாம எப்படி வெட்டுறது?

பைப்புக்காரர்:
உங்க ஊர்ல என்ன இருவத்துநாலு மணி நேரமா தண்ணி வருது 😄 சப்ளை நின்ன பொறவு திண்ணை ஓரத்துல, உங்க எல்லைக்குள்ள மட்டும் தோண்டி, பைப்பு உள்ள நொழையுற எடத்துல வெட்டுங்க. வெட்டுன வாயை தொறந்து போட்டுட்டு சாப்பிடப் போயிடக் கூடாது, லைன் காலியா இருக்கும்போது சாக்கடைத் தண்ணியையும் மண்ணையும் உள்ள இழுத்துக்கும், அது தெரு பூரா போகும். அந்த எடத்துல பித்தளை பால் வால்வு (ball valve) ஒண்ணு, பக்கத்துலயே யூனியன் ஒண்ணு, பின்னாடி கழட்டணும்னா லேசா கழட்டலாம். கேட் வால்வு வேணாம், ரொம்ப நாள் திருப்பாம விட்டா நம்ம உப்புத் தண்ணிக்கு இறுகிப் போயி அவசரத்துக்குத் திரும்பாது. முகப்புக்கு அடியில போற பழைய பைப்பு வாய்க்கு பிளக் போட்டுருங்க, மேல சின்ன பெட்டி கட்டி மூடி வச்சா அப்பத்தாவே கையால திருப்பி அடைச்சுக்குவாங்க. சந்துல வெயில் படும்னா சிபிவிசி (பிளாஸ்டிக்) பைப்பை வெறுமனே விடாதீங்க, பெயிண்ட் அடிங்க, இல்ல ஜிஐயே போடுங்க.

கோட்டையூர்க்காரி:
சந்து பங்காளிகளுக்கும் பொதுன்னா மொதல்ல அவங்க காதுல போட்டு வைங்க. இணைப்பு யாரு பேர்ல இருக்குன்னும் பாருங்க, எங்களது ஐயா பேர்லயே கெடந்து பேர் மாத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

வளவுவீட்டுப்பேரன்:
ஐயா பேர்லதான் ஆச்சி 🤦 சித்தப்பாகிட்ட சொல்லி வரி ரசீது தேடச் சொல்றேன். கேக்குறப்பவே இன்னொண்ணும் கேட்டுடுறேன், பிரஷர் கம்மியா இருக்குன்னு பிளம்பர் லைன்ல நேரா மோட்டார் வைக்கச் சொல்றாரு.

பைப்புக்காரர்:
அந்த பிளம்பரை மாத்துங்க. லைன்ல நேரா மோட்டார் வச்சா இணைப்பையே புடுங்குவாங்க, மோட்டாரும் போயிடும். லைன் தண்ணி தரைத் தொட்டிக்குத் தானா விழட்டும், அதுலேர்ந்து மேல ஏத்துங்க.