டிஸ்க்யூசியா: ‘வாய்க்கசப்பு’ போதுமா, வேறு சொல் வேண்டுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மருந்துத் துண்டறிக்கைகளைத் தமிழாக்கும்போது பக்கவிளைவுகளின் பட்டியலில் டிஸ்க்யூசியா அடிக்கடி வந்து நிற்கிறது. கிரேக்க வேர்ச்சொல்லின்படி பார்த்தால் ‘கெட்ட சுவை’. இதை வாய்க்கசப்பு, சுவைக்கேடு, சுவைப்பிறழ்வு என்று ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒன்றை நிலைப்படுத்தியாக வேண்டும்.

‘வாய்க்கசப்பு’ யாருக்கும் புரியும். ஆனால் தொற்றுக்கு மெட்ரோனிடசோல், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது கசப்பை அல்ல. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை விட்டுவைத்தால் பச்சையாகப் படியுமே, அந்தக் களிம்பு வாடையை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு உமிழ்நீரில் யூரியா கூடி அம்மோனியாவாக உடைகிறது. அவர் வாயில் இருப்பது நெடி. தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசினும் தூக்கத்துக்குத் தரும் சோபிக்ளோனும்தான் நிஜமாகவே கசப்பவை. அறிக்கையில் ‘கசப்பு’ என்று போட்டால், களிம்பு வாடை உள்ளவர் இது தனக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவார். என் பரிந்துரை சுவைக்கேடு.

* * *

> என் பரிந்துரை சுவைக்கேடு.

பல் மருத்துவத் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு. ஒரு சொல்லைத் தேடுவதற்கு முன் எத்தனை நிலைகள் இருக்கின்றன என்று பார்த்துவிடுவோம். சுவை குறைவது, அறவே போவது, உண்ணும் பொருளின் சுவை வேறாகத் தெரிவது, எதுவும் உண்ணாதபோதே ஒரு சுவை வந்து உட்கார்ந்துகொள்வது என்று நான்கு. காரணம் தேடும் வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. ‘சுவைக்கேடு’ என்றால் நான்கில் எதை என்று தெரியாது.

நாட்கணக்கில் வாயில் கெட்ட சுவை இருக்கிறது என்று ஒருவர் வந்தால் முதலில் செய்யச் சொல்வது எளிது. வாயை வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். சுவை சிறிது நேரமாவது விலகினால், மூலம் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே இருக்கிறது: ஈறில் சீழ், சொத்தை, கழுவாத பல்செட், நாக்கின் பின்புறப் படிவு, வறண்ட வாய். விலகவே இல்லையென்றால் இரத்தத்தின் வழியே வரும் மருந்தையோ நரம்பையோ நினைக்க வேண்டும். அடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டும். அப்போது மறைந்தால் அது நாக்கின் கோளாறே அல்ல, மணத்தின் கோளாறு. சைனஸ் சீழ் தொண்டையில் இறங்குவதும், கோவிட்டுக்குப் பின் மணம் திரிவதும் இந்த வகை. படுத்தால் கூடுகிறது, விடியற்காலையில் புளிக்கிறது என்றால் இரைப்பை அமிலம் மேலேறுகிறதா என்று பார்க்க வேண்டும். நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் என்றால், கடைவாய்ப்பல் பிடுங்கியதையும் நடுச்செவி அறுவையையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை கொண்டுபோகும் நரம்பு நடுச்செவியின் ஊடாகத்தான் செல்கிறது.

இவ்வளவையும் ஒரே ‘கேட்டில்’ அடைக்க முடியாது.

* * *

ஐயா சொன்ன நான்கையும் வைத்து அகராதிப் பக்கமாகப் பார்க்கிறேன். தமிழ் இலக்கணத்தில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். இல்லாத எழுத்து வருவது, இருந்தது வேறாவது, இருந்தது மறைவது. மருத்துவர் கொடுத்த பிரிவு அப்படியே இங்கே இருக்கிறது, குறைவது ஒன்றைத் தவிர!

ஆனால் கெடுதலை அப்படியே எடுக்க முடியாது. இலக்கணத்தில் கெடுதல் என்றால் மறைதல். பேச்சில் கெட்டது என்றால் ஊசிப்போனது. ‘சுவைக்கேடு’ படிக்கிறவர் ஒருவர் சுவை போய்விட்டது என்பார், இன்னொருவர் சுவை மோசமாகிவிட்டது என்பார். நேர் எதிரான இரண்டு பொருள். எனவே போவதற்குச் சுவையிழப்பு, குறைவதற்குச் சுவைமங்கல்.

வேறாவதற்குச் சுவைத்திரிபு. பால் திரிந்துபோயிற்று என்று சொல்லாத வீடு இல்லை. பொருள் அங்கேயேதான் இருக்கிறது, தன்மைதான் மாறிவிட்டது. ‘பிறழ்வு’ வேண்டாம் என்பேன். மனப்பிறழ்வு என்ற சொல்லின் நிழல் அதன்மேல் விழுகிறது. வாயில் களிம்பு வாடை வருகிறது என்று சொல்ல வந்தவருக்கு அந்த நிழல் தேவையில்லை.

தோன்றலுக்குப் பொய்ச்சுவை. பிரசவத்துக்கு முன் வருவதைப் பொய்வலி என்கிறோமே, அந்த முன்மாதிரி இருக்கிறது.

* * *

> தோன்றலுக்குப் பொய்ச்சுவை.

சுவைத்திரிபுக்கு முழு ஒப்புதல். பொய்ச்சுவைக்கு இல்லை. இப்படி வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே வீட்டில் ‘உனக்கு எல்லாம் நினைப்புதான்’ என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்கள் சீட்டில் ‘பொய்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மேலும், நாம் பேசிக்கொண்டிருக்கும் மருந்துகளில் சில உமிழ்நீரிலேயே சுரந்து நாக்கைத் தொடுகின்றன. அங்கே சுவை பொய்யே அல்ல, உண்ணவில்லை என்பது மட்டும்தான் உண்மை.

வெறும் வாயை மெல்லுவது என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்து வெறுவாய்ச்சுவை என்று ஆக்கலாமா? வாயில் ஒன்றுமில்லாதபோது தெரியும் சுவை. காரணம் மருந்தா நரம்பா என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாத சொல்.

இன்னொன்று, வரையறை எழுதும்போது விட்டுவிடக் கூடாதது. நமக்குச் சுவை ஆறு, உடலியலில் ஐந்து. கார்ப்பு சுவை மொட்டுகளின் வழியே வருவதல்ல; எரிச்சலையும் சூட்டையும் உணரும் முக்கிளை நரம்பின் (டிரைஜெமினல்) வழியே வருகிறது. துவர்ப்பும் பெரும்பாலும் தொடு உணர்வு, உமிழ்நீரின் புரதங்களோடு டானின் என்ற துவர்ப்புப் பொருள் சேர்ந்து வாயைச் சுருக்குவது. ஆகவே சுவையிழப்பு வந்தவருக்கும் மிளகாய் உறைக்கும். ‘காரம் தெரிகிறதே, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நோயாளியும் நினைப்பார், மொழிபெயர்ப்பவரும் நினைப்பார். சுவையிழப்பின் வரையறையில் ‘காரம் தெரியலாம்’ என்ற இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும்.

* * *

வெறுவாய்ச்சுவை நல்ல சொல். ஏற்கிறேன். எடுத்துக்காட்டுகளையும் சேர்த்துவிட்டால் சொற்கள் கலக்காது. 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி போட்டபின் உப்பு உறைக்காமல் போவது சுவைமங்கல். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இனிப்பைத் தணித்துக் கசப்பை ஏற்றுவதால், பல் துலக்கியவுடன் குடிக்கும் ஆரஞ்சுச் சாறு கசப்பது சுவைத்திரிபு. சிறிது நேரத்தில் தானே சரியாகிவிடும். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் காலையில் பல் துலக்கிய பிறகும் வாயில் நிற்கும் களிம்பு வாடை வெறுவாய்ச்சுவை. மூன்றாவதில் பைன் கொட்டையையும் சேர்க்கலாம்: சில வகைகளைத் தின்றால் 12 முதல் 48 மணி நேரம் கழித்துக் கசப்பு தொடங்கி, இரண்டு மூன்று வாரம்கூட நீடிக்கும். முந்தாநாள் தின்றதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதால் காரணம் பிடிபடுவதே இல்லை. ஒவ்வொரு வாய் உணவிலும் அந்தக் கசப்பு ஏறும் என்பதால் திரிபு என்றும் எழுதலாம். இரண்டும் ஒருவருக்கே வரக்கூடும் என்று குறிப்பில் சொல்லிவிடுவோம்.

அறிக்கையின் கீழே வரும் ஆலோசனைக்கு இந்த வாசகம் சரியா பாருங்கள்: “கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரைக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். உண்ணும் முன் கொப்பளித்துத் துப்பவும். களிம்பு வாடை இருந்தால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டி பயன்படுத்தவும். மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம்.”

* * *

வாசகம் சரி. ‘தம்ளர்’ மட்டும் வீட்டுக்கு வீடு அளவு மாறும், 250 மி.லி. என்று சேர்த்துவிடுங்கள். நோயாளியிடம் கேட்கும் படிவத்தில் கலைச்சொல் எதுவும் வேண்டாம். அங்கே இரண்டு கேள்விகளே போதும்: “சாப்பிடும்போது ருசி மாறித் தெரியுதா? வெறும் வாயிலயும் தெரியுதா?”