செப்புத் தகட்டில் மதிப்பு முகத்துக்கா, முத்திரைக்கா?

மைக்கூடு:
ஐரோப்பியப் பிரபுக்களின் செதுக்கோவியங்களை, அதாவது செப்புத் தகட்டில் செதுக்கி மை பூசித் தாளில் அச்சடித்த படங்களை, ‘அந்தக்காலப் புகைப்படம்’ என்பது சுத்த அபத்தம். அவை விசிட்டிங் கார்டுகள். 1519-இல் ஜெர்மன் ஓவியர் டியூரர் செதுக்கிய கர்தினால் (போப்புக்கு அடுத்த நிலைக் கத்தோலிக்கத் தலைவர்) ஆல்பிரெக்ட் படத்தையே எடுங்கள். கைக்குள் அடங்கும் தாள். அதில் கர்தினால் தொப்பியோடு குலச்சின்னம். மைன்ஸ் பேராயர், மாக்டபுர்க் பேராயர் என்று பட்டங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றை விரலால் மறைத்துப் பாருங்கள், சதைப்பிடிப்பான ஓர் இளைஞர்தான் மிச்சம்.

பழந்தாள்:
கீழே இருக்கும் லத்தீன் வரியை வசதியாக விட்டுவிட்டீர்களே! ‘கண்ணும் கன்னமும் வாயும் இவருக்கு இப்படித்தான்’ என்கிறது. முகம் முக்கியமில்லை என்றால் அது எதற்கு? அப்புறம், 1520-இல் ஓவியர் கிரானாக் செதுக்கிய லூதர், போப்பை எதிர்த்த அந்த ஜெர்மன் துறவி: உச்சி மழித்த தலை, துறவி அங்கி, குலச்சின்னம் கிடையாது. அந்த ஒட்டிய கன்னமே சொல்கிறது, ஆள் மசியமாட்டார் என்று.

மைக்கூடு:
கன்னம் போதும் என்றால், மறுவருடமே இன்னோர் ஓவியர் பால்டுங் கிரீன் அதே லூதரை மரக்கட்டையில் செதுக்கியபோது புனிதருக்குரிய ஒளிவட்டமும் தூய ஆவியைக் குறிக்கும் புறாவும் எதற்குச் சேர்த்தாராம்?

வழிப்போக்கி:
இருவரும் தாளையே பார்க்கிறீர்கள். தகடு யார் கையில் இருந்தது? டியூரர் தகட்டையும் 200 படிகளையும் கர்தினாலுக்கே அனுப்பிவிட்டார். பதிலுக்கு 200 பொற்காசும், மேலங்கி தைக்க 20 முழம் டமாஸ்க் என்ற பூவேலைத் துணியும் வந்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் படம் யார் கைக்குப் போகவேண்டும் என்பதைக் கர்தினாலே தீர்மானிக்கலாம். அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

தகடு வேறொருவரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் செதுக்குக் கலைஞர் பியர் லொம்பார் சாட்சி. ஓவியர் வான் டைக் வரைந்த, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் குதிரைமேல் இருக்கும் ஓவியத்தை ஒட்டி ஒரு தகடு செதுக்கி, அந்த மன்னரின் எதிரி கிராம்வெல்லை அதில் ஏற்றினார். பிற்பாடு அதே உடம்பில் சார்லஸின் தலை உட்கார்ந்தது. தலையே இல்லாமல் அச்சான படிகளும் உண்டு! குதிரை மட்டும் அப்படியே நிற்கிறது.

பழந்தாள்:
குதிரையே போதுமென்றால் செம்பைச் சுரண்டி, தேய்த்து, மறுபடி செதுக்குவானேன்? அடியில் பெயரை மாற்றினால் வேலை முடிந்ததே.

மைக்கூடு:
சரி, தலையும் வேண்டும்தான். ஆனால் மன்னர் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்ட கிராம்வெல்லைப் பெரிய ஆளாகக் காட்ட, லொம்பாருக்கு அந்த மன்னரின் குதிரைதானே தேவைப்பட்டது? அதற்குப் பதில் சொல்லுங்கள்.